சமதரைக் கால்களும் பாதமலைப் படிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்றதொரு சமதரையை இலங்கையில் வேறெங்கும் காண்பது அரிது. சுண்ணாம்புக் கல்லின்மேற் படிந்த செம்மண், அதன்மேல் வரிசை வரிசையாகப் பனை, அதற்கு மேலே வானம். இவ்வளவுதான் எங்கள் நிலத்தோற்றம். கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. ஆனால் மலை அதன் பெயரில் இருக்கிறதேயன்றி நிலத்தில் இல்லை. வெளியூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கேணியில் நீராடி முடிந்ததும், "மலை எங்கே?" என்று உண்மையாகவே வினவினார். அவருக்குக் கடலைக் காட்டி அனுப்பினோம்.

இத்தகைய நிலத்திற் பிறந்து வளர்ந்தவனுடைய கால்களுக்கு முன்னே செல்வதுதான் தெரியும்; மேலே செல்வதும் கீழே வருவதும் தெரியா. துவிச்சக்கர வண்டி மிதிப்பதில் எங்களவர் எவருக்கும் குறைந்தவரல்லர். பத்துப் பன்னிரண்டு மைல் தூரத்தை வெயிலிலும் ஓட்டிச் செல்வர். ஆயினும் நாலு மாடி ஏற நேர்ந்தால் இரண்டாவது மாடியிலேயே கைப்பிடிச் சுவரைத் தேடுவர். தாழ்ந்த நிலத்துக் காலை மலைக்குப் பழக்குவது எவ்வாறு, அதிலும் நெடுங்காலம் ஓய்ந்து கிடந்த காலைப் பழக்குவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆதலின் முதலில் எங்கள் ஊரின் ஓடுகளத்தைச் சொல்லி, அதன்பின் மலைக்குச் செல்வேன்.

யாழ்ப்பாண நகரில் விடியற்காலையில் ஓடுபவர்க்கும் நடப்பவர்க்கும் பண்ணைக் கடற்கரையினும் சிறந்த இடம் இல்லை. ஒருபுறம் ஒல்லாந்தர் 1658 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிப் பின் ஐங்கோணமாக விரித்துக் கட்டிய கோட்டை. அதனை அடுத்து முற்றவெளி. சற்றே அப்பால் 1981 ஆம் ஆண்டில் எரியுண்டு 2003 ஆம் ஆண்டில் மீளத் திறக்கப்பட்ட பொது நூலகத்தின் வெண்ணிறக் குவிமாடம். அயலிலே யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. 1958 ஆம் ஆண்டில் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் முதலிடம் பெற்று இந்நாட்டுக்குப் பொற்பதக்கம் கொணர்ந்த எதிர்வீரசிங்கம் அவர்கள் அக்கல்லூரியின் மாணவர். குன்று ஒன்றேனும் இல்லாத ஊரில் பிறந்த கால்கள் ஆசியா முழுவதிலும் உயரப் பாய்ந்தன என்பதை எண்ணும்போதெல்லாம் நிலத்தைப் பழிப்பதில் நியாயம் இல்லை என்று தோன்றும்.

கோட்டையைக் கடந்தால் வேலணைக்குச் செல்லும் பண்ணைத் தாம்போதி தொடங்குகிறது. இரு மருங்கும் ஆழமற்ற கடல். மீன் பிடிப்பதற்காக நட்ட தடிகள் நீரில் வரிவரியாய் நிற்கும். அவற்றின் தலையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்தும். ஓடுபவன் எதிர்கொள்ளும் ஒரே மலை அங்கே காற்றுத்தான். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். நகரத்திலிருந்து புறப்படும்போது அது முகத்தில் அறையும். திரும்பும்போது முதுகைப் பிடித்துத் தள்ளும். கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்று வந்ததும் கணக்கு மாறிவிடும். போகும்போது கால் தானாகவே பறக்கும்; களைத்துத் திரும்பும் வேளையிற் காற்று வழிமறிக்கும். புதிதாய்த் தொடங்குபவன் சோளகக் காலத்தில் தொடங்குவது நன்று. வலு உள்ளபோது தடையும், வலு குறைந்தபோது துணையும் கிடைக்கும். இஃது எந்த உடற்பயிற்சி நூலிலும் எழுதப்பட்டதன்று; அவ்வீதியிற் பல ஆண்டுகள் ஓடியவர் எவரும் சொல்லக்கூடியது.

2022 ஆம் ஆண்டு மார்கழி மழையில் எனது துவிச்சக்கர வண்டி வழுக்கிற்று. இடது கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் பிளாஸ்டர்க் கட்டு. அதன்பின் இரண்டு மாதம் ஊன்றுகோல். கட்டை வெட்டிய நாளில் என் கெண்டைக்காலைப் பார்த்த எனக்கே அது பிறருடையது போலத் தோன்றிற்று. தசை வற்றி, தோல் சுருங்கி, வலக் காலிலும் ஓர் அங்குலத்துக்கு மேல் மெலிந்திருந்தது. பத்தாண்டு காலமாக வாரத்தில் நான்கு நாள் ஓடிய கால் அது.

அந்நாட்களில் என் தாயார் ஒரு நேர்த்தி வைத்தார். எங்கள் வீட்டில் நேர்த்தி என்றால் நல்லூரானுக்கோ சந்நிதியானுக்கோ வைப்பதே வழக்கம். ஆனால் அவர், "காலுக்கு வந்தது காலுக்குத்தான் நேர வேணும்" என்று சொல்லி, கால் சுகமானால் மகன் சிவனொளிபாதமலைக்கு ஏறி வணங்குவான் என்று நேர்ந்துவிட்டார். தந்தையார் அட்டன் தபாற் கந்தோரில் கடமையாற்றிய காலத்தில், 1974 ஆம் ஆண்டில், தாயார் அம்மலைக்கு ஒருமுறை ஏறியவர். எழுபத்து நான்கு வயதில் மீண்டும் ஏறுதல் அவருக்கு ஆகாது. நேர்ந்தவர் அவர், நிறைவேற்ற வேண்டியவன் நான். நான் ஏறாவிட்டால் கடன்பட்டவராய் இருப்பவர் அவரே என்பதுதான் எனக்குப் பாரமாய் இருந்தது.

ஓய்வு உடலுக்கு நன்று என்று எல்லோரும் எண்ணுகிறோம். அளவு கடந்த ஓய்வு எவ்வளவு கேடு செய்யும் என்பதைக் காட்டிய ஆராய்ச்சி ஒன்றை இங்கே சொல்லவேண்டும். 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயதுடைய ஐந்து இளைஞர்களை வைத்தியர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினார்கள். எழுந்தபோது, கடும் உழைப்பின்போது உடல் உட்கொள்ளக்கூடிய பிராணவாயுவின் அளவு நாலில் ஒரு பங்குக்கு மேற் குறைந்திருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் அழைத்து மறுபடியும் அளந்தார்கள். அப்போது அவர்கள் ஐம்பது வயதைக் கடந்து, உடல் தடித்திருந்தனர். ஆயினும் முப்பது ஆண்டு முதுமை விளைத்த குறைவிலும், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை விளைத்த குறைவே பெரிதாக இருந்தது. அதனோடு நின்றுவிடவில்லை. ஆறு மாத காலம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் மிதித்தல் ஆகியவற்றிற் சிறிது சிறிதாகப் பழக்கிய பின், அவ்வைவரின் பிராணவாயுக் கொள்ளளவு இருபது வயதிற் படுக்கைக்குச் செல்லுமுன் இருந்த அளவை மீண்டும் எட்டிற்று. இச்செய்தியை நான் படித்தது ஊன்றுகோலோடு நடந்த நாட்களில். என்னைத் தேற்றியது அதன் முற்பகுதியன்று, பிற்பகுதியே.

எனினும் இவ்விடத்தில் ஒரு பொறி இருக்கிறது. மூச்சு விரைவில் மீளும். மூன்று நான்கு வாரம் ஒழுங்காகப் பழகினால் இருதயமும் இரத்தமும் பழைய நிலையை நோக்கித் திரும்பத் தொடங்கும். ஓடுபவனுக்கு உற்சாகம் பிறக்கும். தசை அதற்குச் சற்றுப் பின்னால் வரும். முன்பு பழகிய தசை ஆதலால், புதிதாகப் பழகுபவனுடைய தசையினும் விரைவாக அது வலுப்பெறும். ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும், எலும்பும் மிகப் பொறுமையானவை. மாதக் கணக்கிலேதான் அவை உறுதிப்படும். மூச்சு "போ, போ" என்கிறது. நாண் "பொறு" என்கிறது. விட்ட ஓட்டத்தை மீளத் தொடங்குவோர் பலர் ஐந்தாம் ஆறாம் வாரத்தில் குதிக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்குக் காரணம் இதுவே. அவர்களுக்கு நெஞ்சின் குரல் கேட்கிறது. காலின் குரல் கேட்பதில்லை.

வைத்தியர் அனுமதித்த பின்னர் 2023 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நான் பண்ணைக்குத் திரும்பினேன். முதல் இரண்டு வாரமும் நடை மட்டுமே. அதன்பின் ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இவ்வாறு இருபது நிமிடம். ஒருநாள் விட்டு ஒருநாள். ஓட்டத்தின் வேகத்துக்கு மணிக்கூடு பார்க்கவில்லை. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே அளவுகோல். பேச்சுச் சொற்சொல்லாய் அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். என் ஆண்டை ஒத்தவர்களும் முதியவர்களும் வயிற்றைக் குலுக்கிக்கொண்டு என்னைக் கடந்து சென்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் "குட் மோர்னிங் சேர்" என்று சொல்லிப் பறந்தார்கள். மார்கழியில், வாடைக்கு எதிராக, நிறுத்தாமல் அரைமணி நேரம் ஓடிவந்து கோட்டையடியை அடைந்தேன். அதனை எவரும் கவனிக்கவில்லை.

ஓட்டம் மட்டும் மலைக்குப் போதாது. சமதரை ஓட்டத்தில் முழங்கால் சிறிதளவே மடங்குகிறது. படியிலோ உடலின் முழுப் பாரத்தையும் மடங்கிய ஒரு காலே தாங்கவேண்டும். ஆகவே காலுக்கென்று தனிப்பயிற்சி வேண்டும். அதற்கு இயந்திரங்கள் நிறைந்த கூடம் தேவை என்று இக்காலத்து இளைஞர் எண்ணுகின்றனர். பிள்ளையார் கோயில் வாசலே போதும் என்பேன். இரு காதையும் பிடித்துக்கொண்டு நாம் போடும் தோப்புக்கரணத்தில் தொடையும் இடுப்பும் முழுமையாக வேலை செய்கின்றன. ஆனால் நாம் அதனை ஐயருக்கு முன்னே மூன்று முறை பேருக்குக் குனிந்து எழுந்து முடித்துவிடுகிறோம். நாலு எண்ணி மெல்ல இறங்கி, இரண்டு எண்ணி எழுந்து, பன்னிரண்டு முறை போட்டுப் பாருங்கள். விநாயகர் எவ்வளவு கண்டிப்பான தேகாப்பியாச ஆசிரியர் என்பது விளங்கும்.

அதனோடு சுவரைத் தொட்டபடி குதிக்காலை உயர்த்தி மெல்ல இறக்குதலும், முறிந்த கால் ஒன்றிலேயே அரை நிமிடம் நிற்றலும் செய்துவந்தேன். ஒற்றைக் காலில் நிற்பது விளையாட்டுப் போலத் தோன்றும். கணுக்கால் முறிந்தால் எலும்பு மட்டும் பழுதாவதில்லை. பாதம் எவ்வாறு சாய்ந்திருக்கிறது என்று மூளைக்கு அறிவிக்கும் உணர்வும் மழுங்கிவிடுகிறது. அவ்வுணர்வு திரும்பாதவன் மேடு பள்ளத்தில் மறுபடி காலை மடக்கிக்கொள்வான். முதல் நாள் என்னால் ஏழு வினாடிக்கு மேல் நிற்க முடியவில்லை.

எல்லாவற்றிலும் பயன்பட்டது கல்லூரியின் மாடிப்படி. வகுப்புகள் முடிந்த பின் அதில் ஏறி இறங்குவேன். மொத்தம் 36 படிகள். பாதமலைக்கு ஏறத்தாழ 5,500 படிகள் என்பர். கணிதத்தில் வல்ல மாணவன் ஒருவன் ஒருநாள் தூணருகில் நின்று, "சேர், 153 தரம் ஏறினால் சரி" என்று வகுத்துச் சொன்னான். "இறங்குவதற்கு எத்தனை தரம்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான். விளையாட்டாய்க் கேட்ட கேள்வியன்று அது. ஏறுவதை எல்லோரும் எண்ணுகிறார்கள், இறங்குவதை எவரும் எண்ணுவதில்லை. நான் ஏறும்போது சாதாரணமாக ஏறினேன். இறங்கும்போதுதான் ஒவ்வொரு படியிலும் மேற்காலை மெல்ல மடக்கி, கீழ்க்காலை ஓசையின்றி வைத்து இறங்கினேன். அதன் பயன் பின்னாற் சொல்லப்படும்.

2024 ஆம் ஆண்டு மாசி மாதத்தில், சகோதரியின் மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். மருமகனுக்குப் பதினேழு வயது. பள்ளி உதைபந்தாட்டக் குழுவில் முன்னணி வீரன். இரவு பஸ்ஸிற் கண்டியை அடைந்து, அங்கிருந்து புகையிரதத்தில் அட்டனுக்குச் சென்றோம். நாவலப்பிட்டியைத் தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து மேலேறுகிறது. பனையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தேயிலைச் சரிவுகள் யாரோ சீப்பால் வாரிவிட்ட பச்சைத் தலைபோலக் காட்சியளிக்கும். அச்சரிவுகளிற் கூடை சுமந்து ஏறி இறங்கும் பெண்களை வண்டியின் சாளரத்தினூடே பார்த்தேன். நான் ஆறு மாதம் பயின்றதை அவர்கள் அன்றாடம், முதுகிற் பாரத்தோடு, கூலிக்காகச் செய்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தே மலைநாட்டை அடைந்தவர்கள். இருநூறாண்டு நிறைவை முன்னிட்டு 2023 ஆம் ஆண்டில் அவ்வழியே ஒரு நினைவு நடைபயணமும் நிகழ்ந்தது. கால்களின் வரலாறு என்று ஒன்று எழுதப்படுமாயின் அதில் அவர்களுக்கே முதல் அத்தியாயம்.

அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாக பஸ் செல்கிறது. மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அடியிற் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிக் கிடக்கிறது. நீர் வற்றும் காலங்களிற் பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் தலைகாட்டும். மாலையில் நல்லதண்ணியை அடைந்தோம். மலை அங்கிருந்து கூம்பு போல நிமிர்ந்து நிற்கிறது. உயரம் 2,243 மீற்றர், அதாவது 7,359 அடி. இந்நாட்டில் இதனிலும் உயர்ந்த சிகரங்கள் உண்டு. ஆனால் இவ்வளவு தனித்து நிற்பது வேறில்லை.

சைவர் இங்கே சிவபெருமானின் பாதத்தையும், பௌத்தர் புத்தபிரானின் பாதத்தையும், இஸ்லாமியர் ஆதம் நபியின் பாதத்தையும், கிறித்தவருட் சிலர் தோமையாரின் பாதத்தையும் காண்கின்றனர். ஒரு பாதத்துக்கு இத்தனை உரிமையாளர் இருந்தும் படியில் எவரும் எவரையும் தள்ளுவதில்லை. முதலாம் விஜயபாகு மன்னன் யாத்திரிகர்களின் வசதிக்காகச் செய்த அறக்கொடைகளை அம்பகமுவைக் கல்வெட்டு கூறுகிறது. 1344 ஆம் ஆண்டில் ஏறிய இபின் பதூதா, இங்கு 'பாவா வழி', 'மாமா வழி' என இரு வழிகள் இருந்தன என்று எழுதியுள்ளார். பாவா வழி கடினமானது, மாமா வழி எளிது. எளிய வழியால் ஏறியவன் யாத்திரை செய்தவனாகவே கருதப்படமாட்டான்; ஆனால் திரும்பும்போது எல்லோரும் எளிய வழியாலேயே வருவார்கள் என்கிறார். அக்காலத்தவர் முழங்காலின் இயல்பை நம்மிலும் நன்றாக அறிந்திருந்தனர் போலும்.

மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணை வரை யாத்திரைப் பருவம். அக்காலத்தில் இரவு முழுவதும் வழியில் விளக்குகள் எரியும். கீழிருந்து நோக்குவோர்க்கு அது வானத்தில் ஏறும் ஒளிப்படி. நள்ளிரவு கழிந்து ஒரு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். மருமகன் இரண்டு இரண்டு படியாகத் தாவி முன்னே மறைந்தான். சீதகங்குலை ஓடையில் யாத்திரிகர் முகம் கழுவினர். அந்நீரின் குளிர் கையைச் சுட்டது என்றே சொல்லவேண்டும். வெள்ளுடை தரித்த சிங்கள மூதாட்டிகள், ஒருவர் தோளை ஒருவர் பற்றி, பாடல் ஒன்றைச் சொல்லிக்கொண்டு மெல்ல ஏறினர். அவர்கள் எங்கும் விரையவில்லை. எங்கும் நெடுநேரம் நிற்கவுமில்லை. இரண்டு மணி நேரத்துக்குப் பின், படியோரத்தில் மூச்சிரைக்க அமர்ந்திருந்த இளைஞர் கூட்டத்தை அவர்கள் கடந்து சென்றதைக் கண்டேன். என் மருமகனும் அக்கூட்டத்தில் இருந்தான்.

பாதி வழியில் தேநீர்க் கடை ஒன்றில் இளைப்பாறினோம். கடைக்காரர் தோட்டத்துத் தமிழர், முதியவர். பருவந்தோறும் சாமான் சுமந்து ஏறுபவராம். என் காலிற் கட்டியிருந்த துணிப்பட்டையைப் பார்த்து விசாரித்தார். கதையைக் கேட்டுவிட்டு, "ஏறுறப்ப நெஞ்சுதாங்க பேசும், ஐயா. எறங்குறப்பதான் முட்டி பேசும். தம்பிகிட்டயும் சொல்லி வைங்க" என்றார். தம்பி இஞ்சித் தேநீரைக் குடித்துக்கொண்டு கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

இறுதிப் பகுதி மிகச் செங்குத்தானது. இரும்புக் கைப்பிடியின்றி ஏற இயலாது. அங்கே காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் முக்காற்பங்குக்குச் சற்று மேல்தான். தாழ்நிலத்தான் அதனை உணர்வான். இருபது படி ஏறுதல், பத்து மூச்சு நிற்றல் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். விடியுமுன் உச்சியை அடைந்தோம். பாதத்தை வணங்கி, தாயார் தந்த மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கையைச் செலுத்தினேன். ஏறியது எத்தனையாவது முறையோ அத்தனை முறை அங்குள்ள மணியை அடிப்பது வழக்கம். பேராதனையிற் படித்த காலத்தில் இருமுறை, மாணவர்களோடு ஒருமுறை, இப்போது இது. நான்கு முறை அடித்தேன். கிழக்கே ஞாயிறு எழுந்ததும் எல்லோரும் மேற்குப் பக்கம் ஓடினர். மலையின் நிழல், கூர்மையான முக்கோணமாக, மேகத்தின்மீதும் பள்ளத்தாக்கின்மீதும் நீண்டு கிடந்தது. மலை முக்கோணமாக இல்லாத பக்கத்திலும் நிழல் முக்கோணமாகவே விழுவது ஏன் என்று மருமகன் கேட்டான். மிகத் தொலைவுக்கு நீளும் எதுவும் தண்டவாளம் போலக் கண்ணுக்குக் கூம்பிச் செல்லும் என்றேன்.

இனி இறக்கம். இறங்குவது எளிது என்பது உலகத்தார் கொண்ட பெரும் மயக்கம். ஏறும்போது தொடையின் முன்புறத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, பாரத்தைத் தாங்கியபடியே நீண்டு கொடுக்கவேண்டும். வண்டிக்குத் தடைபோடுவது போன்ற வேலை. மூச்சு வாங்காது, ஆகவே களைப்புத் தெரியாது. ஆனால் நீளும்போது பாரம் தாங்கும் தசைநார்களில் நுண்ணிய கிழிவுகள் உண்டாகின்றன. அன்று வலிக்காது; மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமடையும். இவ்வலிக்குத் தசையில் தேங்கும் அமிலமே காரணம் என்று நாங்கள் படித்த காலத்திற் சொல்வார்கள். அது சரியன்று. அவ்வமிலம் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நீங்கிவிடும். உண்மையான காரணம் இக்கிழிவும் அதனைச் செப்பனிட உடல் செய்யும் வேலையுமே. வியப்பு யாதெனில், சிறிய அளவில் ஒருமுறை இவ்வேலையைச் செய்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே சேதத்தை எளிதில் அடைவதில்லை. தசைக்கு நினைவு உண்டு. அந்நினைவை ஊட்டுவதற்காகவே கல்லூரிப் படிகளில் மெல்ல மெல்ல இறங்கிவந்தேன்.

மருமகன் ஓடியே இறங்கினான். நான் முழங்காலைச் சற்று மடக்கி, குறுகிய அடி வைத்து, இடையிடையே பக்கவாட்டாகத் திரும்பி இறங்கினேன். நல்லதண்ணியில் எனக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தவன், "மாமா, நீங்கள் வயசாளி" என்றான். மறுப்பதற்கில்லை.

யாழ்ப்பாணம் திரும்பிய மறுநாட் காலை, வீட்டின் மூன்று வாசற்படிகளில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கியதைக் கண்டேன். உதைபந்தாட்டக் குழுவுக்கு அவன் நான்கு நாள் செல்லவில்லை. அவனுடைய நெஞ்சு என்னுடையதிலும் பன்மடங்கு வலியது, கால்களும் அவ்வாறே. ஆனால் அக்கால்கள் இறக்கத்தை அறியாதவை. எனக்கும் தொடையில் வலி இருந்தது. ஆயினும் மூன்றாம் நாள் பண்ணையில் மெல்ல நடக்க முடிந்தது. முறிந்த கணுக்காலில் வீக்கம் இல்லை. இரு தொடையிலும் பரவலாய் இருக்கும் நோவு தானே தீரும். ஓரிடத்திற் குத்தும் வலி, வீக்கம், இரவில் எழுப்பும் நோவு ஆகியவை வேறு வகை. அவற்றுக்கு வைத்தியரைத்தான் காணவேண்டும்.

தாயார் மலையைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தக் காலத்துக் கடைகள் இருக்கின்றனவா, ஓடையின் குளிர் அப்படியே இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தபின், "மணி எத்தினை தரம் அடிச்சனி?" என்றார்.

"நாலு தரம், அம்மா."

"எனக்கெண்டு ஒண்டு அடிச்சிருக்கலாமெல்லே?"

ஏறியவரே அடிக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம் என்றேன். "அப்ப, நானும் ஒருக்கா ஏறினவள்தானே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அடுத்த நாட் காலை, நான் ஓடிவிட்டுத் திரும்பியபோது, அவர் குசினிக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, எவரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையோடு, குதிக்காலை உயர்த்தி மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வரை எண்ணினார். நான் செருப்பை ஓசைப்படாமற் கழற்றி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன்.